ஆமை ஓட்டுக்குக் கீழ ஒரு உரை: ஜகார்த்தா டைரி

நாள் 1: ஆகஸ்ட் 13, 2025, புதன்

எனக்கு ஒரு கிறுக்கு உண்டு. எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊர் சட்டசபையையோ பார்லிமெண்ட்டையோ வெளில நின்னாவது பாத்துட்டு வந்துரணும். கோயில் குளம் எல்லாம் அப்புறம்தான். வீட்ல இதுக்குப் பேரே வச்சிருக்காங்க, சொன்னா நல்லா இருக்காது. இந்த தடவை ஜகார்த்தாவுக்கு டிக்கெட் போட்டதே அதுக்காகத்தான், ஏன்னா வெள்ளிக்கிழமை 15ஆம் தேதி பிரபோவோ இந்தோனேசியா ஜனாதிபதியா முதல் தடவை வருஷாந்திர உரை படிக்கப் போறாரு. போன வருஷம் அக்டோபர் 20 பதவி ஏத்தவரு, ஆனா இந்த ஊர்ல உரை ஆகஸ்ட்லதான், சுதந்திர தினத்துக்கு முந்தின நாள். பழைய ஜனாதிபதி சுகார்த்தோ காலத்துல இருந்தே ஆகஸ்ட் 16னு ஒரு வழக்கம், இந்த வருஷம் அது சனிக்கிழமை வந்ததால ஒரு நாள் முன்னாடி தள்ளிட்டாங்க. நம்ம ஊர் கவர்னர் உரை மாதிரின்னு நினைச்சுக்காதீங்க, இங்க எழுதிக் குடுத்ததைப் படிக்கிற ஆள் இல்ல, ஆட்சி நடத்துற ஆளே வந்து கணக்கு சொல்லணும்.

கோலாலம்பூர்ல மாறி, ராத்திரி கண்ணு முழிச்சு, மத்தியானம் வந்து சேந்தேன். ரூம் போட்டது பெண்டுங்கான் ஹிலிர்ல, இங்க எல்லாரும் பென்ஹில்னு சுருக்கிடறாங்க. மெயின் ரோட்ல நாப்பது மாடிக் கண்ணாடிக் கட்டிடமா நிக்குது, அதுக்குப் பின்னாடி ரெண்டு தடவை திரும்பினா ரெண்டு பைக் எதிரெதிரா வந்தா ஒண்ணு நிக்கணும்ங்கிற அளவுக்கு சந்து. சந்துக்கு இங்க காங்னு பேரு. காங் பூரா தலைக்கு மேல சிவப்பு வெள்ளைத் தோரணம், வாசல்ல வாசல்ல கொடி, 80ஆவது சுதந்திர தினம்ல. என் ரூமுக்கு எதிர்ச் சுவத்துல ஒரு அட்டை தொங்குது, வாடகைக்கு ரூம், ஒரு ஆள் மட்டும், மாசம் 15 லட்சம் ரூபியா. நம்ம காசுக்கு எட்டாயிரம் சொச்சம். (ஒரு இந்திய ரூபாய்க்கு கிட்டத்தட்ட 185 ரூபியா. பர்ஸ்ல கோடீஸ்வரன், வயித்துல அதே பசி.)

மலேசியால பினாங்குல மூணு வருஷம் வேலை பாத்த புண்ணியத்துல பாஷை பாதிக்கு மேல புரியும். மீதிக்கு நம்ம பாஷையே கை குடுக்குது. கப்பல் இங்க காப்பால், பெட்டி பெத்தி, கடை கெடாய், திரை திராய், சுருட்டு செருத்து. மந்திரி மெந்தெரி. கடன் வாங்கினவங்க திருப்பிக் குடுக்காம வச்சிருக்கிறது நல்லதாப் போச்சு.

காங் முனைல ஒரு வார்தெக் இருக்கு. தெகால் ஊர்க்காரங்க நடத்துற சாப்பாட்டுக் கடைக்குப் பேரு வார்தெக், ஜகார்த்தா பூரா இருக்கும், கண்ணாடி அலமாரிக்குள்ள இருபது கிண்ணத்துல கறி பொரியல் எல்லாம் வச்சிருப்பாங்க, விரலை நீட்டினா சோத்து மேல விழும். நான் நீட்டினது கத்திரிக்கா, டெம்பே (புளிக்க வச்ச சோயா கட்டி) வறுவல், மிளகாய்ல புரட்டின முட்டை. கடையம்மாவை எல்லாரும் பூன்னு கூப்பிடறாங்க, நம்ம அம்மா மாதிரி. அங்கயே பச்சை ஜாக்கெட் போட்ட ஒரு ஓஜோல் ஆள், அதாவது ஆப்ல கூப்பிட்டா வர்ற பைக் டாக்சிக்காரர், கால் மேல கால் போட்டு டிவி பாத்துட்டு இருந்தாரு. அவரை மாஸ்னு கூப்பிட்டேன், அண்ணேங்கிற மாதிரி. அவர் என்னை பாக்ங்கிறாரு, அது ஐயாவுக்குப் பக்கம். தலை நரைச்சா இதான் கதி.

டிவில பாத்தின்னு ஒரு ஊர். மத்திய ஜாவா. அங்க மாவட்டத் தலைவர் சொத்து வரியை 250 சதவீதம் வரைக்கும் ஏத்திட்டாராம், ஜனம் எதிர்த்தப்ப அஞ்சாயிரம் இல்ல, அம்பதாயிரம் பேர் வந்தாலும் அசைய மாட்டேன்னு பேசிட்டாராம். ஜனம் அதையே பிடிச்சுக்கிச்சு. ஏத்தினதை போன வாரமே ரத்து பண்ணிட்டாரு, ஆனாலும் இன்னைக்கு வந்துட்டாங்க, பல்லாயிரம் பேர், கண்ணீர்ப்புகை, கல்லெறி. போராட்டத்துக்கு ஜனங்களே வாட்டர் பாட்டில் பெட்டி பெட்டியா ரோட்ல அடுக்கி வச்சிட்டுப் போயிருக்காங்க. மாவட்ட சபை இன்னைக்கே அவர் மேல விசாரணைக்கு ஓட்டுப் போட்டுடுச்சு. பூ டெம்பேயைத் திருப்பிப் போட்டுக்கிட்டே சொன்னாங்க, "வரியை மன்னிச்சிருப்பாங்க, வாயைத்தான் மன்னிக்கல."

தூக்கம் வருது. மீதி நாளைக்கு.

நாள் 2: ஆகஸ்ட் 14, வியாழன்

காலைல நடந்தே கிளம்பினேன். வழில காரெத் பிவாக் கல்லறைத் தோட்டம், ரூம்ல இருந்து எட்டுற தூரம்தான். ஃபாத்மாவதியோட சமாதி இங்க இருக்கு. முதல் ஜனாதிபதி சுகார்னோவோட மனைவி, 1945ல ஏத்தின அந்த முதல் கொடியைத் தையல் மிஷின்ல தைச்சவங்க. ஊர் பூரா லட்சக்கணக்குல கொடி தொங்குது, முதல் கொடி தைச்சவங்க இங்க மரத்தடில அமைதியா இருக்காங்க. காவலுக்கு இருந்த தாத்தா ஒரு பிளாஸ்டிக் பாட்டில்ல தண்ணி குடுத்து ஊத்தச் சொன்னாரு, ஊத்தினேன். சுத்தி வெயில்ல கல்லறைக் கல்லு எல்லாம் சூடா இருந்துச்சு.

அங்க இருந்து பஸ், டிரான்ஸ்ஜகார்த்தா, 3,500 ரூபியா, 2005ல இருந்து டிக்கெட் ஏறவே இல்லையாம். நம்ம எம்டிசி நினைப்பு வந்து போச்சு. இறங்கின இடம் செனயான்.

பார்லிமெண்ட்டைப் பத்திச் சொல்லியே ஆகணும், இதுக்குத்தானே வந்தேன். பச்சைக் கலர்ல ரெண்டா பிளந்த மாதிரி ஒரு கூரை, ஜனங்க அதை ஆமை ஓடுங்கிறாங்க. ஆனா இது பார்லிமெண்ட்டுக்குன்னு கட்டினதே இல்ல. 1965ல சுகார்னோ ஐநா சபையை விட்டே வெளிய வந்துட்டாரு, வெள்ளைக்காரன் சபை வேணாம், புதுசா எழும்புற நாடுகளுக்குன்னு தனியா ஒரு சபை வைக்கிறேன்னு சொல்லி அதுக்காக ஆரம்பிச்ச கட்டிடம். பேரு கொனெஃபோ. வரைஞ்சது சுயூதி விர்யோஆத்மோஜோங்கிற ஆர்கிடெக்ட். அதே வருஷம் செப்டம்பர் கடைசில நாடே தலைகீழாப் போச்சு, லட்சக்கணக்குல கொலை, சுகார்னோ கீழ இறங்கி சுகார்த்தோ மேல வந்து, அந்த உலக சபை நடக்கவே இல்ல. கட்டி முடிச்ச கூரைக்குக் கீழ உள்ளூர் எம்பிங்க வந்து உக்காந்தாங்க. உக்காந்து ரொம்ப நாள் தலையை மட்டும் ஆட்டினாங்க.

அப்புறம் 1998 மே. மாணவர்கள் உள்ள புகுந்து அந்த ஆமை ஓட்டு மேலயே ஏறி உக்காந்துட்டாங்க, பச்சைக் கூரை மேல எறும்பு மாதிரி ஆளுங்க இருக்கிற போட்டோ நீங்க பாத்திருப்பீங்க. மே 21 சுகார்த்தோ ராஜினாமா, 32 வருஷ ஆட்சி போச்சு.

அப்ப சுகார்த்தோவோட மருமகன் யாரு? பிரபோவோ. ராணுவத்துல பெரிய படைப்பிரிவோட தளபதி. ஆர்வலர்களைக் கடத்தின விவகாரத்துல அதே வருஷம் ராணுவத்தை விட்டு அனுப்பப்பட்டவரு. அப்புறம் கட்சி ஆரம்பிச்சு, 2014ல, இவருக்கு முந்தி ஜனாதிபதியா இருந்த ஜோகோவிகிட்ட தோத்து, 2019ல மறுபடி அவர்கிட்டயே தோத்து, அவர்கிட்டயே பாதுகாப்பு அமைச்சரா சேந்து, 2024ல அவர் பையனையே துணை ஜனாதிபதியா நிறுத்திக்கிட்டு 58 சதவீத ஓட்டு வாங்கி ஜெயிச்சுட்டாரு. நாளைக்கு அந்தக் கூரைக்குக் கீழதான் பேசப் போறாரு. இதை யோசிச்சுக்கிட்டே காத்தோத் சுப்ரோத்தோ ரோடு மேம்பாலத்துல நின்னு பாத்துட்டு இருந்தேன், ஒரு போலீஸ்காரர் வந்து ரொம்ப மரியாதையா, பாக் போட்டோ போதும் கிளம்புங்கன்னுட்டாரு. உள்ள போக வழி கேட்டேன். சிரிச்சாரு. அந்தச் சிரிப்புக்கு பாஷை தேவை இல்ல.

திரும்பி வர்றப்ப ஒரு லாரி பின்னாடி தேசியக் கொடிக்குக் கீழ ஒரு கறுப்புக் கொடி, வைக்கோல் தொப்பி போட்ட மண்டையோடு, ஜப்பான் கார்ட்டூன்ல வர்ற கடல் கொள்ளைக்காரங்களோடது. லாரிக்காரங்க ஆரம்பிச்சு வச்சது இது, ஊழல் ராஜாங்கத்தை எதிர்க்கிற பசங்க கதைங்கிறதால அந்தக் கொடி. பெரிய தலைங்க சில பேரு நாட்டைப் பிளக்குற சதின்னு குதிச்சாங்க, குதிச்சதும் இன்னும் நிறைய கொடி வந்துடுச்சு.

நாள் 3: ஆகஸ்ட் 15, வெள்ளி

இன்னைக்கு எழுத நிறைய இருக்கு, பொறுமையாப் படிங்க.

கூரைக்குப் பக்கத்துல போக முயற்சி பண்ணினேன், முடியல. ரோடெல்லாம் திருப்பி விட்டிருந்தாங்க, ஆப்ல பைக் கூப்பிட்டா மேப் என்னை ஒரே ரவுண்டானாவை ரெண்டு தடவை சுத்த வச்சு ஏத்தின இடத்துக்கே கொண்டு வந்து விட்டுச்சு, அதுக்கும் காசு எடுத்துக்கிச்சு. நடந்து வந்து வார்தெக்ல உக்காந்துட்டேன். மாஸும் அங்கதான், ரோடு அடைச்சதால சவாரி இல்ல. சொல்லப்போனா உள்ள போயிருந்தா கூட இவ்ளோ நல்லா பாத்திருக்க மாட்டேன். சோத்து அண்டா மேல கட்டி வச்ச பழைய டிவி, ஒரு ஓரத்துல படம் பச்சையாத் தெரியும், பூ அப்பப்ப கரண்டியால தட்டுவாங்க.

சபைல மொத்தம் 732 பேர். மக்கள் சபை டிபிஆர்ல 580, மாகாணங்கள் சார்பா டிபிடில 152, மாகாணத்துக்கு நாலு பேர் வீதம் 38 மாகாணம். ரெண்டும் சேந்தா எம்பிஆர். ஜோகோவி இருந்தப்ப இந்த நாளைக்கு வருஷா வருஷம் ஒரு ஊர் பாரம்பரிய உடைல வருவாரு, ஒரு வருஷம் பதுய் மலைவாசிங்க உடை, ஒரு வருஷம் தனிம்பார் தீவு உடை, அதையே ஒரு வாரம் பேப்பர்ல பேசுவாங்க. பிரபோவோ கோட்டு சூட்டு, கறுப்புத் தொப்பி. மனுஷன் குரல் ராணுவ மைதானத்துக்குப் பழகின குரல், மைக் கொஞ்சம் தள்ளி இருந்தாலும் பரவாயில்ல.

பதவி ஏத்து 299 நாள் ஆச்சுன்னு ஆரம்பிச்சாரு. நான் விரல் விட்டு எண்ணிப் பாத்தேன், சரிதான். இந்த வருஷம் ரெண்டாவது காலாண்டு வளர்ச்சி 5.12 சதவீதம். வறுமை 8.47 சதவீதம், வரலாற்றுலயே கம்மி. கைதட்டல். பூ வெங்காயம் உரிச்சாங்க. அரிசி கையிருப்பு 40 லட்சம் டன்னுக்கு மேல, இதுவும் வரலாற்றுலயே அதிகம். கைதட்டல். இங்க பூ தலையைத் தூக்கி டிவியைப் பாத்தாங்க. பாத்துட்டு அண்டாவைத் திறந்து ஒரு பிடி சோத்தை எடுத்து எனக்குக் காட்டினாங்க. "பாக், போன வருஷம் வாங்கின அதே அரிசி, காசு மட்டும் வேற." அவ்ளோதான், மறுபடி வெங்காயம்.

அப்புறம் எம்பிஜி, இலவசச் சத்துணவு. இதுதான் இவரோட தேர்தல் வாக்குறுதியே. ஜனவரி 6 ஆரம்பிச்சாங்க, இப்ப 2 கோடிப் பேருக்குப் போகுதாம், குழந்தைங்க, கர்ப்பிணிங்க, பால் குடுக்கிற தாய்மாருங்க, எல்லாம் சேத்து 8 கோடியே 29 லட்சம் பேருக்குப் போகணும்ங்கிறது இலக்கு. எனக்கு இதுல தனி அக்கறை, சத்துணவு முட்டை தின்னு வளந்த ஆளு. பூவோட பேத்தி நாலாவது படிக்கிறா, அவ ஸ்கூலுக்கு வருது. இரும்புத் தட்டுல சோறு, கோழி ஒரு துண்டு, காய், ஒரு ஆரஞ்சுன்னு பூ கையாலயே தட்டு வரைஞ்சு காட்டினாங்க. நல்லா இருக்கான்னு கேட்டேன். கோழியைத் தின்னுட்டு காயை அப்படியே கொண்டு வர்றா, அதை நான் மறுபடி தாளிக்கிறேன்னாங்க. அப்புறம் குரலைத் தாழ்த்தி, சில ஊர்ல தின்னுட்டு பிள்ளைங்க வாந்தி எடுத்து ஆஸ்பத்திரி போயிடுச்சுல்ல, அதான் ஒவ்வொரு நாளும் சாயங்காலம் அவ வயித்தைத் தொட்டுப் பாக்கிறேன்னாங்க. உரைல 2 கோடி ஒரு வரி. இங்க அது ஒரு சின்ன வயிறு.

சூடு பிடிச்சது அதுக்கப்புறம்தான். செராக்காநாமிக்ஸ்னு ஒரு வார்த்தை வச்சிருக்காரு, செராக்கான்னா பேராசை, பேராசைப் பொருளாதாரம்னு வச்சுக்கங்க. சட்டத்துக்குப் புறம்பா போட்ட பாமாயில் தோட்டம் 31 லட்சம் ஹெக்டேர் திரும்ப எடுத்துட்டோம்னாரு. கேரளா மாநிலம் மொத்தமே 39 லட்சம் ஹெக்டேர்தான்னா பாத்துக்கங்க. திருட்டுச் சுரங்கம் 1,063 இருக்கு, நாட்டுக்கு 300 டிரில்லியன் ரூபியாவாவது நஷ்டம்னாரு. பின்னாடி ஜெனரல் இருந்தாலும் சரி, ரிட்டயர்டு ஜெனரல் இருந்தாலும் சரி, என் கட்சிக்காரனா இருந்தாலும் சரி விட மாட்டேன்னு சொன்னப்ப சபை எழுந்து நிக்காத குறை. மாஸ் இடது கையால பல்லு குத்திக்கிட்டே, "யாரு யாருன்னு பேர் சொல்லலயே"ன்னாரு. பாக்கெட்ல இருந்து ஃபோன் கூப்பிட்டுச்சு, சவாரி, ஹெல்மெட்டை மாட்டிட்டுப் பறந்துட்டாரு.

ஜனாதிபதிக்கு முன்னாலயா பின்னாலயான்னு எனக்கு இப்ப குழப்பமா இருக்கு, நடுவுல ரெண்டு தடவை டீ வாங்கப் போயிட்டேன், மக்கள் சபைத் தலைவர் பூவான் மகாராணியும் பேசினாங்க, சுகார்னோவோட பேத்தி. அவங்க பேச்சுலதான் எனக்கு நிமிர்ந்து உக்கார வேண்டியதாச்சு. ஜனங்க இப்ப கோபத்தை எப்படி எல்லாம் காட்டறாங்கன்னு வரிசையாச் சொன்னாங்க, 'முதல்ல ஓடிடு' அப்படின்னு ஒரு வாசகம் நெட்ல ஓடுது, வேலை தேடி நாட்டை விட்டுப் போயிடுங்கிற அர்த்தத்துல, அது. 'இருண்ட இந்தோனேசியா'ங்கிறது ஒண்ணு. அப்புறம் நான் நேத்து லாரி பின்னாடி பாத்த அதே மண்டையோட்டுக் கொடி. பார்லிமெண்ட் மேடைல அதைப் பேர் சொல்லிச் சொன்னாங்க. கேக்கறோம்ங்கிற தோரணைதான் அது. கேட்டாங்களா?

ஏன்னா கூட்டம் முடியிற நேரத்துல மாணவர் இசைக்குழு கிழக்குத் தீவுப் பக்கத்துப் பாட்டு வாசிக்க ஆரம்பிச்சாங்க, துள்ளல் பாட்டு, கல்யாண வீட்ல போட்டா கிழவியும் ஆடும். எம்பிங்க சில பேரு எழுந்து ஆட ஆரம்பிச்சுட்டாங்க. கையை ஆட்டி, இடுப்பை ஆட்டி, பக்கத்துல இருக்கிறவரையும் இழுத்து. பாத்தா தப்பாத் தெரியல எனக்கு, சத்தியமா. ரெண்டு மணி நேரம் உக்காந்தா எனக்கும் கால் மரத்துதான் போகும். சிரிச்சுட்டே பூவைத் திரும்பிப் பாத்தேன். அவங்க சிரிக்கல. கரண்டியைக் கைல வச்சுக்கிட்டு டிவியவே பாத்துட்டு நின்னாங்க, எண்ணெய் காய்ஞ்சு புகையுற வரைக்கும்.

மத்தியானம் ஜும்மா தொழுகை, காங் காலி. தொழுகை முடிஞ்சு ரெண்டாவது பேச்சு, இது பட்ஜெட். 2026க்கு மொத்தச் செலவு 3,786.5 டிரில்லியன் ரூபியா, பற்றாக்குறை ஜிடிபில 2.48 சதவீதம், 2027லயோ 28லயோ பற்றாக்குறையே இல்லாத பட்ஜெட் போடணும்னு ஆசைன்னாரு. கல்விக்கு 757.8 டிரில்லியன், அதுல ஒரு பங்கை சத்துணவு தின்னுடும், சத்துணவுக்கு மொத்தம் 335 டிரில்லியன். நம்ம காசுல ஒரு லட்சத்து எம்பதாயிரம் கோடி. நான் பேப்பர் நாப்கின்ல கணக்குப் போட்டு சைபர் எண்ணிக்கிட்டு இருந்தேன். சைபர் தீர்றதுக்குள்ள நாப்கின் தீந்துபோச்சு.

இதுல ஒரே ஒரு இடத்துலதான் வார்தெக்கே கைதட்டுச்சு. அரசு கம்பெனிகள்ல போர்டு மெம்பரா இருக்கிறவங்களுக்கு லாபப் பங்குன்னு வருஷ போனஸ் குடுக்கிறாங்க, மாசத்துக்கு ஒரு தடவை மீட்டிங் வர்றதுக்கு வருஷத்துக்கு 40 பில்லியன் ரூபியாவான்னு கேட்டாரு, இனிமே கிடையாது, பிடிக்கலேன்னா வேலையை விட்டுப் போகட்டும்னாரு. பிளம்பர் மாதிரி இருந்த ஒரு பெரியவர் மேசையைத் தட்டி, "ஆங், இது!"ன்னாரு. அவர் டீ கிளாஸ் கவுந்து என் நாப்கின் கணக்கெல்லாம் நனைஞ்சிடுச்சு.

நாள் 4: ஆகஸ்ட் 16, சனி

பழைய டவுன், மியூசியம் எல்லாம் போனேன். நல்லா இருந்துச்சு. கூட்டம்.

எழுத வேண்டியது காலைல நடந்தது. பூ அரிசி வாங்கப் போறேன்னாங்க, நானும் பை தூக்கிட்டுப் போனேன். முதல் மினிமார்ட்ல பிரீமியம் அரிசி அலமாரி காலி. ரெண்டாவது கடைலயும் நாலு பைதான். போன மாசம் கலப்பட அரிசி கண்டுபிடிச்சாங்களாம், மட்ட ரக அரிசியை பிரீமியம்னு பை மாத்தி வித்திருக்காங்க, போலீஸ் புகுந்ததுல இருந்து ஆலைக்காரங்க சரக்கை விடவே பயப்படறாங்கன்னு கடைக்காரர் சொன்னாரு. பிரீமியத்துக்கு அரசாங்க உச்சவரம்பு கிலோ 14,900, அந்த விலைக்கு வித்தா கட்டாதுன்னு நிறுத்தி வச்சிருக்காங்கன்னு பின்னாடி நின்னவர் சொன்னாரு. யார் சொன்னது சரியோ. குடோன்ல 40 லட்சம் டன், அலமாரில நாலு பை. கடைசில சந்தைல அரசாங்க மானிய அரிசி அஞ்சு கிலோ பை 62,500க்குக் கிடைச்சுது. நம்ம ரேஷன் அரிசி வாசம் லேசா அடிச்சுது, எனக்கு ஊர் ஞாபகம், பூவுக்குக் கவலை, வார்தெக்ல கஸ்டமர் மூஞ்சி சுளிப்பானேன்னு.

திரும்பி வந்தா மாஸ் ஃபோனை நீட்டினாரு. நேத்து டான்ஸ் வீடியோ. இன்னொண்ணு, இன்னொரு கோணத்துல. இன்னொண்ணு. எல்லாத்துக்கும் கீழ ஒரே எழுத்து, மாசச் சம்பளம் 10 கோடி ரூபியாவுக்கு மேல. எல்லாப் படியும் சேத்து அவ்ளோ வருதுன்னு ஒரு எம்பியே சொன்னதா செய்தி ஓடுது. ஜகார்த்தாவுல குறைஞ்சபட்ச மாசக் கூலி 53 லட்சத்து 96 ஆயிரம். மாஸுக்கு அந்தக் கூலியும் கிடையாது, அவர் யார் கம்பெனி ஆளும் இல்லையாம், பார்ட்னராம். பதிமூணு மணி நேரம் ஓட்டி பெட்ரோல் கமிஷன் எல்லாம் போனா கைல என்ன நிக்கும்னு சொன்னாரு, அதை இங்க எழுத வேணாம்.

"நல்லாத்தான் ஆடறாங்க"ன்னாரு. வேற ஒண்ணும் சொல்லல.

நாள் 5: ஆகஸ்ட் 17, ஞாயிறு

80ஆவது சுதந்திர தினம்ங்கிறதால இன்னைக்கு பஸ், மெட்ரோ எல்லாம் 80 ரூபியா. நம்ம காசுல அரை ரூபாய் கூட இல்ல! போன வருஷம் விழா போர்னியோக் காட்டுல கட்டற புது தலைநகர்ல நடந்துச்சு, இந்த வருஷம் மறுபடி இங்க ஜனாதிபதியோட மெர்தெக்கா மாளிகைல. மொனாஸ்ங்கிற தேசிய நினைவுத் தூண் பக்கம் போனேன், கூட்டத்துல தலைங்களைத்தான் பாத்தேன், திரும்பிட்டேன்.

அப்படியே ப்ரோக்லமாசி ரோடு. 1945ல இதே 17, ஒரு வெள்ளிக்கிழமை, காலை பத்து மணிக்கு சுகார்னோ தன் வீட்டு வாசல்ல நின்னு சுதந்திர அறிக்கை படிச்ச இடம். ரெண்டே வாக்கியம்தான் மொத்த அறிக்கையும். அந்த வீட்டை அறுபதுகள்ல இடிச்சுட்டாங்க, இப்ப சுகார்னோ, முதல் துணை ஜனாதிபதி ஹத்தா சிலை ரெண்டும் நடுவுல அந்த அறிக்கையும் நிக்குது. ரெண்டு நாள் முன்னாடி ரெண்டு பேச்சு கேட்டு நாப்கின் நனைச்ச ஆளு நானு, இந்த ரெண்டு வாக்கியத்தை நாலு தடவை நின்னு படிச்சேன்.

சாயங்காலம் காங்ல விளையாட்டு. அப்பளம் மாதிரி பெரிய கெருப்புக்கை நூல்ல கட்டித் தொங்க விட்டு கையைப் பின்னாடி கட்டிக்கிட்டு வாயாலயே தின்னணும், பூவோட பேத்தி மூணாவது வந்தா. பெரிய ஐட்டம் பஞ்சாத் பினாங், சாட்சாத் நம்ம வழுக்கு மரம்! பினாங்னா பாக்கு, நான் வேலை பாத்த ஊர்ப் பேரே அதான். பாக்கு மரத்துல கிரீஸ் தடவி உச்சில சைக்கிள், குக்கர், அரிசி மூட்டை எல்லாம் கட்டியிருந்தாங்க. நம்ம ஊர்ல ஒத்தை ஆளா ஏறுவாங்க, இங்க தோள் மேல தோளா அஞ்சு ஆள் அடுக்கு. அடில நிக்கிறது எப்பவும் தடியா ஒரு ஆள், மேல ஏறுறது எலும்பா ஒரு பையன். மாஸ்தான் இன்னைக்கு அடி ஆளு. பச்சை ஜாக்கெட் இல்லாம இன்னைக்குத்தான் அவரைப் பாக்கிறேன். நாலு தடவை மொத்த அடுக்கும் சரிஞ்சு அவர் மேலயே விழுந்துச்சு, அஞ்சாவது தடவை மேல போன பையன் குக்கரை விட்டுட்டு முதல்ல அரிசி மூட்டையைத்தான் அவுத்தான். காங்கே கத்துச்சு.

நாள் 6: ஆகஸ்ட் 18, திங்கள்

இன்னைக்கும் லீவு விட்டுட்டாங்க. ரோடு காலி. மாஸே ஏர்போர்ட் ட்ரெயின் ஸ்டேஷன் வரைக்கும் கொண்டு வந்து விட்டாரு, ஆப் போடல, காசு வாங்கல, முதுகு வலி மட்டும் நேத்தைய கணக்குல இருக்குன்னாரு. பூ வாழை இலைல டெம்பே கட்டிக் குடுத்திருந்தாங்க, செக்யூரிட்டில பிரிச்சுக் காட்ட வேண்டியதாப் போச்சு. எதிர்ச் சுவத்து அட்டை இன்னும் தொங்குது.

ஊருக்கு வந்தப்புறம்: செப்டம்பர் 1, திங்கள்

டைரி முடிஞ்சதுன்னுதான் நினைச்சேன்.

நான் வந்த ரெண்டு மூணு நாள்லயே அந்த எம்பிங்க கணக்கு இன்னும் விவரமா வெளிய வந்துச்சு. வீட்டுப் படின்னு மட்டும் மாசம் 5 கோடி ரூபியா. முன்னாடி கலிபாத்தால எம்பிங்களுக்கு அரசாங்க வீடு இருந்துச்சாம், அதைத் திருப்பிக் குடுத்துட்டதால வாடகைக்கு இந்தக் காசுன்னு விளக்கம். நம்ம காசுல ரெண்டே முக்கால் லட்சம். கூலிக்காரனோட ஒம்பது மாசச் சம்பளம், ஒரு மாச வாடகைக்கு. அந்த டான்ஸ் வீடியோ மேல இந்த எண்ணை ஒட்டி விட்டாங்க, தீ பிடிச்சுக்கிச்சு. 25ஆம் தேதி அந்த ஆமை ஓட்டு வாசல்லயே கூட்டம், கண்ணீர்ப்புகை. 28ஆம் தேதி பகல்ல தொழிலாளர் ஊர்வலம், ராத்திரி மறுபடி கலவரம், பெஜொம்பொங்கான்ல போலீஸோட கவச வண்டி ஒரு ஓஜோல் பையன் மேல ஏறிடுச்சு. 21 வயசு. பெஜொம்பொங்கான் எங்க இருக்குன்னு எனக்கு மேப் தேவைப்படல, பூ கடைல இருந்து நடந்தா எட்டிடும்.

செய்தில வயசு வர்றதுக்கு முன்னாடி பச்சை ஜாக்கெட்தான் வந்துச்சு. நான் மாஸுக்கு மெசேஜ் போட்டேன். ஒரு டிக். ஒரு மணி நேரம் ஒரு டிக். வீட்ல, யாருன்னே தெரியாத ஊர்ல யாருக்காக இப்படி உக்காந்திருக்கேன்னு கேட்டாங்க. மறுநாள் மத்தியானம் பதில் வந்துச்சு, வாய்ஸ் மெசேஜ், முக்கால்வாசி பைக் சத்தம், ஆயிரக்கணக்குல பைக். காரெத் பிவாக்குக்கு அடக்கம் பண்ணக் கூட்டிட்டுப் போறோம் பாக், எல்லா ஆப்காரனும் வந்திருக்கோம்னாரு. அந்தக் கல்லறைத் தோட்டம்தான், நான் ஃபாத்மாவதி சமாதில தண்ணி ஊத்தின இடம்.

அதுக்கப்புறம் நடந்ததெல்லாம் நீங்களும் பாத்திருப்பீங்க. மகாசார்ல மாகாண சபைக் கட்டிடம் எரிஞ்சுது, சில எம்பிங்க வீட்டுக்குள்ள ஜனம் புகுந்து சோபா வரைக்கும் தூக்கிட்டுப் போச்சு, அதுல அன்னைக்கு ஆடினவங்களும் உண்டு. எனக்கு அது உவப்பா இல்ல, யார் வீடா இருந்தாலும் வீடு வீடுதான். நேத்து பிரபோவோ மாளிகைல கட்சித் தலைவருங்களைப் பக்கத்துல நிக்க வச்சுக்கிட்டு, எம்பிங்களோட சில படிகளை ரத்து பண்ண சபைத் தலைமை ஒத்துக்கிச்சு, வெளிநாட்டுப் பயணமும் நிறுத்தம்னு அறிவிச்சாரு. இது 299 நாள் கணக்குச் சொன்ன அந்தப் பேச்சுல இருந்து பதினாறாவது நாள்.

பூ கடை ரெண்டு நாள் மூடி இருந்துச்சாம், கண்ணீர்ப்புகை காங்குக்குள்ள வந்து கண்ணாடி அலமாரி பூரா நெடி, கழுவித் திறந்துட்டாங்களாம். பேத்திக்கு ஸ்கூல் ஆன்லைன்.

இன்னைக்குக் காலைல மாஸ் ஒரு போட்டோ அனுப்பியிருந்தாரு. என் பழைய ரூமுக்கு எதிர்ச் சுவரு, அந்த அட்டை. மாசம் 15 லட்சம், ஒரு ஆள் மட்டும். கீழ எழுதியிருந்தாரு: "வீட்டுப் படி போச்சாமே பாக், பாவம் எங்க போய்த் தங்குவாங்க. இங்க ரூம் இன்னும் காலிதான். நீங்க பார்லிமெண்ட் எல்லாம் சுத்துற ஆளாச்சே, யாராச்சும் தெரிஞ்சா சொல்லி விடுங்க."